எலெக்ட்ரிக் கிட்டாருக்குச் சாயமும் கிளியரும்: பெயின்ட்டை உரிப்பதிலிருந்து பளபளப்பு வரை

கறுப்போ வெள்ளையோ பூசி வந்த கிட்டாரின் பெயின்ட்டை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் மரத்தின் ரேகை தெரியும்படி நீலமோ சிவப்போ ஏற்றி, மேலே கிளியர் என்ற நிறமற்ற பூச்சு போட வேண்டும் என்ற ஆசை வாசிப்பவர்களில் பலருக்கு உண்டு. செய்யக்கூடிய வேலைதான், பெரிய பட்டறையும் தேவையில்லை. ஆனால் இறங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பெயின்ட் எதையும் மறைத்துவிடும். சாயம் எதையும் மறைக்காது. ஒரு கீறல், ஒரு சொட்டுப் பசை, இரண்டு துண்டுகள் சேர்ந்த கோடு என்று எல்லாவற்றையும் எடுத்துக் காட்டும். அதனால் இதில் சாயம் பூசுவது அரை மணி நேர வேலை, அதற்கு முன்னும் பின்னும் தேய்ப்பதுதான் மிச்ச வேலை.

ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவக் கிட்டாரை வைத்தே சொல்கிறேன். நெக்கை நான்கு திருகு கழற்றினால் பிரித்துவிடலாம், ஓரத்தில் பைண்டிங் என்ற பிளாஸ்டிக் பட்டை கிடையாது, பெரும்பாலானவர்கள் கையில் இருப்பதும் அதுதான். லெஸ் பால் மாதிரி நெக் ஒட்டப்பட்ட கிட்டாரை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். 1960களின் அசல் ஃபெண்டர் ஏதாவது தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்திருந்தால் தொடவே தொடாதீர்கள். பழைய பூச்சு போனால் அதன் மதிப்பும் பெருமளவு போய்விடும்.

முதலில் மரத்தைப் பாருங்கள்

1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது பாடி ஆஷ் மரத்தில் செய்யப்பட்டது. 1956 முதல் பெரும்பாலும் ஆல்டருக்கு மாறினார்கள். ஆஷில் ரேகையோரம் பெரிய துளைகள் இருக்கும், அவற்றை நிரப்பாமல் வழவழப்பான பூச்சு வராது. ஆல்டரில் அந்தத் தொல்லை இல்லை. தொழிற்சாலைக்குத் தொல்லையாக இருந்த அதே துளைகள்தான் சாயம் ஏற்றுபவருக்கு வரம். ஆஷில் ரேகை துள்ளிக்கொண்டு தெரியும். ஆல்டரில் அடக்கமாகத் தெரியும்.

விலை குறைந்த கிட்டார்களில் பாஸ்வுட் அல்லது பாப்லர் இருக்கும். பாஸ்வுட் வெளிறிய, மென்மையான மரம். ரேகை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது, சாயத்தைத் திட்டுத்திட்டாகக் குடிக்கும். பாப்லரில் பச்சைப் பட்டைகள் வரலாம். இன்னொரு சிக்கல், கனமான ஒற்றை நிறம் பூசி விற்ற பாடி நான்கைந்து துண்டுகளை ஒட்டிச் செய்ததாக இருக்கலாம். சிலவற்றில் அந்தத் துண்டுகளை மறைக்க மேலும் கீழும் மெல்லிய வெனீர் ஒட்டியிருப்பார்கள். கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலே அது ஓட்டையாகிவிடும்.

இதையெல்லாம் உரிக்கும் முன்பே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பாடியின் முகத்தில் திருகியிருக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்றி, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் உட்காரும் குழிகளின் சுவரைப் பாருங்கள். பெயின்ட் அங்கே மெலிதாகத்தான் பட்டிருக்கும். நெக் பொருந்தும் குழியில் பல நேரம் வெறும் மரமே தெரியும். பின்னால் ஸ்பிரிங் இருக்கும் குழியில் ஒரு மூலையைச் சுரண்டிப் பாருங்கள். ஒட்டுக் கோடுகள் நிறைய, மரமும் பாஸ்வுட் என்றால் என் யோசனை: அதற்கு மறுபடி பெயின்ட்டே அடியுங்கள், அல்லது ஓரமெல்லாம் இருண்டு நடுவில் மட்டும் நிறம் தெரியும் சன்பர்ஸ்ட் போடுங்கள். நல்ல ரேகைதான் வேண்டும் என்றால், பூச்சில்லாத ஆஷ் பாடி ஒன்றை வாங்குவது உரிக்கிற உழைப்பை மிச்சப்படுத்தும். உள்ளூர் ஆசாரியிடம் தேக்கில் பாடி செய்துகொண்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பூசும் முன் தின்னரால் துடைக்காவிட்டால் பூச்சு பிடிக்காது.

பிரிப்பது

கம்பிகளைத் தளர்த்தி எடுங்கள், நெக்கைக் கழற்றுங்கள், பின்பக்க ஸ்பிரிங்குகளை விடுவித்துப் பிரிட்ஜை எடுங்கள். பிக்கார்டோடு மின்சாரப் பகுதி முழுதும் ஒன்றாக வந்துவிடும். அதற்கு முன் அவுட்புட் ஜாக்கில் இரண்டு வயர், ஸ்பிரிங் மாட்டும் தகட்டில் ஒரு எர்த் வயர், இவ்வளவுதான் சால்டரை எடுக்க வேண்டும். எடுக்கும் முன் போனில் படம் பிடித்து வையுங்கள். திருகுகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, எது எங்கே என்று எழுதி வையுங்கள். நெக் திருகும் பிக்கார்டு திருகும் ஒரே டப்பாவில் கிடந்தால் கடைசியில் வாய்விட்டுத் திட்டுவீர்கள்.

உரிப்பது

இப்போதைய கிட்டார்களில் பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன் பூச்சு. தடிமனாக, கண்ணாடி போலக் கெட்டியாக இருக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பெயின்ட் ரிமூவர் பாலியெஸ்டரிடம் பெரும்பாலும் தோற்றுப்போகும். கையாலோ மெஷினாலோ தேய்த்தே எடுப்பது முடியும், ஆனால் வீடு முழுக்க வெள்ளைத் தூள், பாடியின் வளைவுகளும் மழுங்கிவிடும். நான் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பக்கம்தான்.

பாடியின் பின்பக்கம் நடுவில் தொடங்குங்கள். ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாக ஆட்டிக்கொண்டே இருங்கள். பூச்சு உருகி ஓடாது. இளகி மேலெழும்பும், அல்லது விளிம்பில் பிளவுபடும். அந்த நேரம் பார்த்து அகலமான பட்டித் தகட்டைச் சாய்வாக உள்ளே கொடுத்துத் தள்ளினால் பெரிய பெரிய சில்லுகளாகப் பெயர்ந்து வரும். தகட்டின் மூலைகளை முதலில் அரத்தால் மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மரத்தில் குத்தும். நெக்கின் இருபுறமும் நீளும் கொம்புகளின் உள்வளைவில் பொறுமை வேண்டும். சூட்டை அதிகமாக்கினால் மரம் கருகும், ஒட்டு விலகும், வெனீர் கொப்பளிக்கும். மொட்டை மாடியிலோ முற்றத்திலோ செய்யுங்கள். கரிம ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம். துணி மாஸ்க் இதற்கு உதவாது.

நெக் குழிக்குள் இருக்கும் பூச்சை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே தேய்த்தால் நெக்கின் பிடிப்பும் கோணமும் மாறும்.

பெயின்ட் போனதும் மரம் வந்துவிட்டது போலத் தோன்றும். பல நேரம் அது மரம் அல்ல, அடியில் போட்ட நிறமற்ற சீலர். அது மரத்துக்குள் ஊறி இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு துணியில் ஸ்பிரிட் தொட்டு முழுதும் துடையுங்கள். வெறும் மரம் உடனே ஈரத்தைக் குடித்து இருளும். சீலர் உள்ள இடம் வெளிறியே நிற்கும், பளபளக்கும். அந்த வெளிறிய தீவுகள் எல்லாம் போகும்வரை தேய்க்க வேண்டும். சாயம் பிடிக்கவில்லை என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான்.

தேய்ப்பது

80, 120, 180, 220 என்ற வரிசையில் உப்புத்தாள். 80இல் சீலரும் பழைய பள்ளங்களும் போக வேண்டும். அதற்கடுத்த ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பர் போட்ட கோடுகளை எடுப்பதற்கு மட்டுமே. தட்டையான முகங்களில் கட்டைக்குச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும், விரலால் தேய்த்தால் மென்மையான இடம் குழியும். ஆர்பிட்டல் மெஷின் வைத்திருப்பவர்கள் 120 வரை பயன்படுத்திக்கொள்ளுங்கள். பிறகு கையால், ரேகையின் போக்கிலேயே. மெஷின் விடும் சின்னச் சுருள் கோடுகள் வெறும் மரத்தில் தெரியாது, சாயம் ஏறியதும் நீலச் சுருளாக வந்து நிற்கும்.

ஒவ்வொரு நம்பரும் முடிந்ததும் ஸ்பிரிட் துணியால் துடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மிச்சக் கீறல் அப்போது காட்டிக்கொடுக்கும். 220க்கு மேல் தட்டையான முகத்தில் போகாதீர்கள். மரம் மிகவும் மழமழப்பானால் சாயத்தைக் குடிக்காது. கொம்புகளின் நுனி, பாடியின் அடிப்பக்கம் போன்ற குறுக்கு வெட்டு முகங்களில் மட்டும் 320 வரை போங்கள். அங்கே இழைகளின் வாய் திறந்திருப்பதால் மற்ற இடத்தைவிட இரண்டு மடங்கு இருண்டுவிடும். கூடுதலாகத் தேய்த்தால் அது கொஞ்சம் அடங்கும்.

அமுங்கிய பள்ளம் இருந்தால் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டுங்கள். ஆவியில் இழை ஊதி மேலே வரும். சில்லு பெயர்ந்த இடம் அப்படி வராது. பட்டி வைத்து அடைத்தால் அந்தப் பட்டி சாயத்தை வேறு மாதிரி ஏற்கும், மரத்தூளும் பசையும் கலந்து அடைத்தாலும் அப்படித்தான். அந்த இடம் பிக்கார்டுக்கு அடியில் வராவிட்டால் அதை பர்ஸ்ட்டின் இருண்ட ஓரத்துக்குள் கொண்டுபோவதே வழி.

தண்ணீர்ச் சாயம் போடுவதாக இருந்தால், முதலில் வெறும் தண்ணீரால் பாடியை ஒருமுறை ஈரமாக்கிக் காயவிடுங்கள். இழைகள் மீசை மாதிரி எழுந்து நிற்கும். தேய்ந்த 220 தாளால் மெல்லத் தடவி அவற்றை மட்டும் சீவிவிடுங்கள்.

சாயம்

கடையில் 'வுட் ஸ்டெயின்' என்று விற்பதெல்லாம் சாயம் அல்ல. சிலவற்றில் நிறமித் தூள்தான் மிதக்கும். அது துளைகளில் போய் அமர்ந்து ரேகையைக் கலங்கலாக்கும். புட்டியை ஓரிரண்டு நாள் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் சேறு போலப் படிந்தால் நிறமி, படியாவிட்டால் சாயம். நமக்கு வேண்டியது கரைந்துபோகும் சாயம்.

அதிலும் தண்ணீரில் கரைவது, ஸ்பிரிட்டில் கரைவது என்று இரண்டு. ஸ்பிரிட் சாயம் கண்ணெதிரே காய்ந்துவிடும். அதனால் ஒரு வீச்சு இன்னொன்றின் மேல் ஏறிய இடமெல்லாம் கோடு விழும். தண்ணீர்ச் சாயம் நிதானமாகக் காயும், தவறைத் திருத்த அவகாசம் தரும். முதல்முறை செய்பவர் தண்ணீர்ச் சாயமே எடுங்கள். தூளாக வாங்கினால் ஒரு லிட்டருக்கு 15 கிராம் அளவு பொதுவானது, முதலில் அதில் பாதி அடர்த்தியில் தொடங்குங்கள். அடர்த்தியைக் கூட்டுவது எளிது, குறைப்பது கடினம். போர் தண்ணீர் வேண்டாம். அதில் உள்ள இரும்பு, மஹோகனி போன்ற, டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ள மரங்களைக் கறுக்க வைக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் போதும்.

சோதனை செய்து பார்க்கத் தனி மரத்துண்டு தேட வேண்டாம். பிக்கார்டு மறைக்கும் இடம் முழுதும் உங்களுக்குச் சோதனைக்கூடம். அதே மரம், அதே தேய்ப்பு. அங்கே சாயம் தடவி, காயவிட்டு, மேலே கிளியரும் ஒரு கை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். காய்ந்த சாயம் சாம்பல் பூசினாற்போல் செத்துக் கிடக்கும், பயப்படாதீர்கள். ஈரமாக இருக்கும்போது தெரிகிற நிறம்தான் கிளியருக்குப் பின் வரும் நிறத்துக்கு அருகில் இருக்கும்.

பூசுவதற்கு பனியன் துணிதான் சிறந்தது. நூல் உதிராத, துவைத்த பழைய துணியாக இருக்கட்டும். குறுக்கு வெட்டு முகங்களை வெறும் தண்ணீரால் முதலில் நனைத்துவிடுங்கள், அப்போது சாயத்தை அள்ளிக் குடிக்காது. பிறகு ஒரு முகத்தை எடுத்தால் அது முழுதும் ஈரமாகும்வரை நிறுத்தாமல் பூசுங்கள். தேங்கியதை உலர்ந்த துணியால் ரேகைப் போக்கில் துடைத்துவிடுங்கள். நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள்.

ஆஷில் அழகான ஒரு வித்தை உண்டு. முதலில் கறுப்புச் சாயத்தை முழுதும் பூசுங்கள். காய்ந்ததும் 220 தாளால் மேற்பரப்பைத் தேய்த்து எடுங்கள். துளைகளுக்குள் போன கறுப்பு மட்டும் தங்கும். அதன்மேல் நீலத்தையோ சிவப்பையோ பூசினால் ரேகை மை தீட்டியது போல நிற்கும். வரிவரியாக மின்னும் ஃபிளேம் மேப்பிளிலும் இதே முறைதான். அங்கே கறுப்பை நீர்த்த பதத்தில் போட வேண்டும்.

சன்பர்ஸ்ட்டைக் கையால் போடுவதென்றால் வெளிர் நிறத்திலிருந்து இருட்டுக்குப் போங்கள்: முழுப் பாடிக்கும் மஞ்சள், ஓரத்தை ஒட்டிச் சிவப்பு அல்லது பழுப்பு, விளிம்பில் கரும்பழுப்பு. நிறங்கள் சந்திக்கும் இடத்தை மஞ்சள் தொட்ட ஈரத்துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்துக் கலக்குங்கள். ஸ்ப்ரே அடித்த அளவுக்கு மென்மையாக வராது. அந்தக் கைவேலைத் தோற்றமே எனக்குப் பிடிக்கும்.

பாஸ்வுட்டில்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு: மெழுகு நீக்கிய அரக்கை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 60 முதல் 100 கிராம் வரை கரைத்து, ஒரு மெல்லிய கை பூசி, லேசாகத் தேய்த்துவிட்டு அதன்மேல் தண்ணீர்ச் சாயம் போடுங்கள். திட்டு குறையும், முற்றிலும் போகாது. ஸ்பிரிட் சாயம் போட்டால் அரக்கையே கரைத்துவிடும். இன்னும் நம்பகமான வழி, மரத்தில் சாயம் ஏற்றாமல் கிளியரில் சாயம் கலந்து ஸ்ப்ரே செய்வது.

ஒரே ஒரு நிற எச்சரிக்கை. நீலத்தின் மேல் மஞ்சளாகும் பூச்சைப் போட்டால் நீலம் பச்சையாகும். நைட்ரோ லாக்கரும் எண்ணெய் வார்னிஷும் நாளாக ஆக மஞ்சளடிக்கும். சிவப்புக்கு வேறு ஆபத்து, வெயில். 1958 முதல் 1960 வரை வந்த கிப்ஸன் லெஸ் பால் சன்பர்ஸ்ட்களில் பலவற்றின் சிவப்பு வெளிச்சத்தில் வெளிறிப்போய், இன்று தேன் நிறமாகத்தான் நிற்கின்றன. ஜன்னலோரம் மாட்டி வைப்பவர்கள் வெளிச்சம் தாங்கும் உலோகக் கலப்புச் சாயம் என்று கேட்டு வாங்குங்கள்.

கிளியர்

தண்ணீர்ச் சாயம் போட்ட பாடி குறைந்தது ஒரு நாள் முழுதாகக் காய வேண்டும், மழைக்காலத்தில் இரண்டு நாள். ஆஷ், மஹோகனி என்றால் முதல் சீலர் கைக்குப் பிறகு துளைகளை நிரப்பும் ஃபில்லரைத் தேய்த்து அடையுங்கள். துளை தெரிந்தால் பரவாயில்லை என்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். தாண்டினால் நன்றாகவே இருக்கும்.

எந்தக் கிளியர்? நம்மூர் மரப் பாலிஷ் கடைகளில் என்.சி. சாண்டிங் சீலரும் என்.சி. லாக்கரும் சாதாரணமாகக் கிடைக்கும். இது நைட்ரோசெல்லுலோஸ்தான், மேலே சொன்ன நைட்ரோ லாக்கர், பழைய கிட்டார்களில் இருந்த அதே குடும்பம். ஒவ்வொரு கையும் முந்தையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும் என்பதால் திருத்துவது எளிது. ஆனால் மென்மையானது. கார் பெயின்ட் கடையில் கிடைக்கும், ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே கிளியர் மிகவும் கெட்டி, மஞ்சளாவது குறைவு, இரண்டு மூன்று கையில் வேலை முடியும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதைச் சுவாசித்தால் ஆயுளுக்கும் ஆஸ்துமா வரலாம், வாசனையை வைத்து அளவைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அடுக்குமாடியில் இருப்பவர் அதை வீட்டில் அடிக்கவே கூடாது. சாயம் ஏற்றிய பாடியை ஸ்ப்ரே பூத் உள்ள கார் பெயின்டரிடம் கொடுத்து, கிளியர் மட்டும் அடித்து வாங்குங்கள். நீலப் பாடிக்கு என் முதல் தேர்வு இதுதான்.

எந்தக் கிளியரானாலும் சாயத்தின் மேல் முதல் இரண்டு கையைப் பனி படர்வது போல லேசாக ஸ்ப்ரே செய்யுங்கள். துணியாலோ பிரஷாலோ தடவினால் சாயம் இழுபடும், ஸ்பிரிட் சாயத்தின் மேல் அரக்குத் தடவினால் நிச்சயமாக இழுபடும்.

என்.சி. அடிப்பவருக்கு நம் வானிலைதான் எதிரி. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதில் படியும், பூச்சு பால் போல வெளுத்துப்போகும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர ஊர்க்காரர்கள் இந்த வேலையை மறந்துவிடலாம். மற்ற மாதங்களில் காலைப் பனி விலகிய பின், கடல் காற்று ஏறும் முன், பத்து மணியிலிருந்து நண்பகல் வரை நல்ல நேரம். வெளுத்துவிட்டால், காய்வதை மெதுவாக்கும் ரிட்டார்டர் கலந்த தின்னரை லேசாக அடித்தால் பெரும்பாலும் தெளியும். மழை விட்ட மாலையில் விளக்கைப் போட்டு அடித்தால் ஈசல் வந்து ஒட்டிக்கொள்ளும், அதற்கு மருந்தே இல்லை.

நெக் குழியில் ஒரு கட்டையைத் திருகி, அதைப் பிடியாக வைத்துப் பாடியைத் தொங்கவிடுங்கள். அந்தக் குழிக்குள் கிளியர் படாமல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில், முதலில் ஓரங்கள், பிறகு முகங்கள், ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படி. பாடிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். ஒரு நாளைக்கு மூன்று கை, இடையில் ஒன்றிரண்டு மணி நேரம். என்.சி. என்றால் மொத்தம் ஒன்பது முதல் பன்னிரண்டு கை. நான்கைந்து கை ஏறும்வரை தாளே தொடாதீர்கள். அதன்பின் 400 அல்லது 600ஆல் மேடுகளை மட்டும் சமப்படுத்தலாம். விளிம்புகளில் பூச்சு எப்போதும் மெலிதாகவே இருக்கும். அங்கே ஒரு தேய்ப்பு அதிகமானால் சாயம் போய் வெள்ளை மரம் எட்டிப் பார்க்கும். அப்படி ஆனால் சின்ன பிரஷ்ஷால் அந்த இடத்தில் சாயம் தொட்டுவைத்து, காயவிட்டு, மேலும் சில கை அடித்து மூடலாம்.

காத்திருப்பதும் மெருகும்

என்.சி. மூன்று நான்கு வாரம் காய வேண்டும். மூக்கை வைத்துப் பாருங்கள், தின்னர் வாசனை வந்தால் இன்னும் ஆகவில்லை. அவசரப்பட்டு மெருகேற்றினால் பூச்சு பிறகு சுருங்கும்போது ரேகை மேலே தெரியும். 2கேக்கு ஒரு வாரம் போதும்.

பிறகு வாட்டர் பேப்பர்: 1000, 1200, 1500, 2000. தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. திருகு ஓட்டைகளுக்குள் தண்ணீர் போனால் மரம் ஊதிச் சுற்றியுள்ள பூச்சை வெடிக்க வைக்கும், அதனால் அவற்றில் மெழுகைத் தேய்த்து அடைத்துவிடுங்கள். 1000இலேயே முகம் முழுதும் ஒரே மாதிரி மங்கலாக வேண்டும். பளபளக்கும் சின்னப் புள்ளிகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே பள்ளம் மிச்சம். 2000க்குப் பிறகு கார் ரப்பிங் காம்பவுண்டு, அப்புறம் பாலிஷ். டிரில்லில் பஞ்சுச் சக்கரம் மாட்டுபவர்கள் விளிம்பில் நிறுத்தக் கூடாது, சூட்டில் பூச்சு இழுத்துக்கொண்டு போகும். மங்கலான பூச்சு பிடிக்கும் என்றால் காம்பவுண்டு வேண்டாம், சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட்டால் ரேகைப் போக்கில் ஒருமுறை தேய்த்து நிறுத்திவிடுங்கள்.

திரும்பப் பூட்டுவது

ஒவ்வொரு திருகு ஓட்டையின் வாயிலும் தேங்கிய கிளியரை, ஓட்டையைவிடச் சற்றுப் பெரிய டிரில் பிட்டைக் கையால் சுழற்றிச் சீவிவிடுங்கள். இல்லாவிட்டால் திருகு இறங்கும்போது அங்கிருந்து விரிசல் ஓடும். திருகுகளில் கொஞ்சம் சோப்பு தடவுங்கள். எர்த் வயரை மறக்காதீர்கள், மறந்தால் ஆம்பைப் போட்டதும் இரைச்சல் நினைவுபடுத்தும். நெக்கைக் குழியில் வைக்கும்போது முன்பு போல இறுகப் பொருந்த வேண்டும். இடிக்கிறது என்றால் குழியின் ஓரத்தில் கிளியர் ஏறியிருக்கும், அதை மட்டும் சுரண்டுங்கள், நெக்கைத் தட்டி இறக்காதீர்கள்.

என்.சி. போட்ட கிட்டாரை ரப்பர் பூசிய ஸ்டாண்டில் நிறுத்த வேண்டாம். ரப்பரும் வினைலும் அந்தப் பூச்சோடு வினைபுரிந்து அதை இளக வைக்கும், கிட்டார் ஸ்டாண்டோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டின் கைகளில் பருத்தித் துணியைச் சுற்றிவிட்டால் சரி.